நாளைக்குப் பனி உண்டோ

சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்புகளைத் தாண்டி இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு நானே ஒரு செய்தி அனுப்பிக்கொண்டேன். “சோப்பு டப்பாவ அங்கேயே விட்டாச்சு. திரும்பிப் போக வேண்டாம்.”

என் போனில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. உறுப்பினர் நான் ஒருவன்தான். தொடங்கும்போது ஒரு கூட்டாளியைச் சேர்த்தேன், மறுநிமிடமே நீக்கிவிட்டேன். மறக்கக் கூடாததையெல்லாம் அதில் குரலாகப் பதிந்துவைப்பேன். எழுதுவது எனக்கு நேரம் பிடிக்கும், எழுதியதைப் படிப்பது அதைவிட நேரம் பிடிக்கும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். போனை வாயருகே பிடித்து நடுரோட்டில் பேசிக்கொண்டு நடந்தால் எதிரே வருகிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறார்கள். போகட்டும்.

சித்திரபுரத்தில் ஒரு தங்கும் விடுதியில் சமையலறை வேலை. பாத்திரம் கழுவுவது, தேங்காய் துருவுவது, விறகு பிளப்பது. படுக்கை தண்ணீர் மோட்டார் அறையில். மோட்டார் ஓடினால் கட்டில் தானாக நகரும்; காலையில் விழிக்கும்போது வேறு சுவரோரம் கிடப்பேன். அதெல்லாம் ஒரு குறையே இல்லை. நாலாவது மாதம் முதலாளி சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்தார். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எல்லோருடைய போனும் அதற்குள் போக வேண்டும்.

“போன் வேணுமா, வேலை வேணுமா? இப்பவே சொல்லு” என்றார்.

“போனுங்க” என்றேன். அவருக்கும் ஆச்சரியம், எனக்கும் ஆச்சரியம்.

சும்மா வீம்புக்குச் சொன்னதில்லை. என்னைப் போல நெல்லறுப்புக்குச் சித்தூர், தேங்காய்க்குக் கொழிஞ்சாம்பாறை, ஏலக்காய்க்கு இடுக்கி என்று திரிகிறவனுக்கு முகவரி என்பது அந்தப் போன்தான். அது பன்னிரண்டு மணி நேரம் டப்பாவில் கிடந்தால் நான் பன்னிரண்டு மணி நேரம் ஊரிலேயே இல்லாதவன்.

அதைக் குறைந்த செலவில் ஓட்டுவதற்கு எனக்கென்று சில வழிகள் உண்டு. தங்கைக்குத் தினமும் காலையில் ஒரு மிஸ்டு கால். ஒரு ரிங் என்றால் நலம். இரண்டு ரிங் என்றால் ஊர் மாறிவிட்டேன். வேலை இல்லாவிட்டால் என் துணிப்பையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிடுவேன். தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். யாரையும் தனித்தனியாகக் கேட்டுக் கெஞ்ச வேண்டாம். போகப் போகிற ஊரின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வேன். தேநீர்க் கடையில் சார்ஜ் போடும்போது கூட ஒரு வடை வாங்கிவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அன்று குஞ்சித்தண்ணி வரை நடந்தே இறங்கினேன். வழியில் இரண்டு ரிங் விட்டதற்குத் தங்கையிடமிருந்து பதில் குரல் வந்தது.

“ஏண்ணா, இந்த வருசத்துல இது மூணாவது ரெண்டு ரிங்கு. எந்த ஊருன்னாச்சும் சொல்லுங்க. யாராச்சும் கேட்டா நான் என்னன்னு சொல்றது, ரெண்டு ரிங்குல இருக்காருன்னா?”

எந்த ஊர் என்று எனக்கே தெரிந்தால்தானே சொல்வேன். அன்றைக்குச் சிக்கலே அதுதான். என் ரீசார்ஜ் அன்று இரவோடு முடிகிறது. அதற்குப் பிறகு எனக்கு அழைப்பு வரும். என்னிடமிருந்து எதுவும் போகாது. பஸ்ஸா ரீசார்ஜா என்று பார்த்தால் கையிலிருந்தது பஸ்ஸுக்குத்தான் ஆகும். ஆகவே அந்த ரீசார்ஜ் பேக் முடிவதற்குள் வேலையும் படுக்க இடமும் பேசி முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் முதல் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி வாயால் கேட்க வேண்டியதுதான். செய்திருக்கிறேன். நாய்கள்தான் தொல்லை.

பஸ் பலகை மலையாளத்தில் இருந்தது. பேசினால் பாதிக்கு மேல் புரியும் எனக்கு அந்த எழுத்து மட்டும் இன்னும் பிடிபடவில்லை. போன் கேமராவை நீட்டினால் அது தமிழாக்கிக் காட்டும். கட்டப்பனையை அது ‘கட்டிய பனை’ என்று காட்டியது. எனக்கு அது போதும். ஏறிவிட்டேன்.

நெடுங்கண்டத்தில் இறங்கியதும் நேராகப் பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம் போனேன். அங்கே இலவச வைஃபை கிடைக்கும். குறிப்பிட்ட ஒரு தூணுக்கும் கழிப்பறைக்கும் நடுவில்தான் நன்றாக எடுக்கும். அதனால் அந்த இடத்தில் எப்போதும் நாலு பேர் மூக்கைச் சுளித்துக்கொண்டு போன் பார்த்தபடி நிற்பார்கள். நான் ஐந்தாவது.

கம்பத்து ஜீப்காரர் குரல் அனுப்பியிருந்தார். கம்பத்திலிருந்து தினமும் ஏலக்காய் எடுக்கும் பெண்களை ஜீப்பில் மலைக்கு ஏற்றிவந்து இறக்குகிறவர். என் துணிப்பைப் படத்தைப் பார்த்திருக்கிறார்.

“ஏப்பா, மறுபடியும் பையத் தூக்கிட்டியா? ஒரு எடத்துல ஒக்காரவே மாட்டியா நீ? சரி, கேளு. கட்டப்பனைல ஒரு வெறகு டிப்போல லோடு ஏத்த ஆள் வேணுமாம். நான் சொன்னா எடுத்துக்குவாய்ங்க. படுக்க எடமும் உண்டு. ஆனா அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். இன்னொண்ணு, குமுளிக்கு இந்தப் பக்கம் கோட்டயத்துக்காரரு ஒருத்தரு ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்துருக்காரு. ஸ்டோருக்கு ஆள் தேடுறாராம். காய் எடுக்கவும் ஆள் இல்லாம பழுத்து வெடிக்குதுங்கறாய்ங்க. ஆனா நம்ம பொம்பளையாளுக கேட்டா என்னமோ கிறுக்குத்தனமா பதில் சொல்றாராம். நம்பர் அனுப்புறேன். கேட்டுப் பாரு.”

ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை. அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டு கதகதப்பாக உட்கார்ந்திருக்கும் வேலை. விறகு ஏற்றுவதைவிட விறகு எரிப்பது மேல் என்று பட்டது. அழைத்தேன், அந்தத் தோட்டத்துக்கு டவர் இல்லை, மணியே போகவில்லை. அவர் வீட்டு வைஃபைக்கு வாட்ஸ்அப் செய்திதான் அனுப்ப வேண்டும்.

வழக்கமாக நான் குரல்தான் அனுப்புவேன். முதல் அறிமுகம் எழுத்தாக இருந்தால் படித்தவன் மாதிரி தெரியும் என்று அன்றைக்கு ஓர் ஆசை வந்தது. போனிடம் தமிழில் சொன்னால் அது தமிழில் எழுதும், ஒரு பொத்தானைத் தொட்டால் மலையாளமாக்கும், அதை எடுத்து அனுப்பலாம். அவர் பதிலை அதே வழியில் தமிழாக்கிக் கேட்கலாம்.

‘வேலை இருக்கா’ என்று கேட்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் மலையாளிகளுக்கு வேல என்றால் கோயில் திருவிழா. சிறு வயதில் வேலை கேட்டுப் போன இடத்தில், “எந்தக் கோயில் வேல? யானை உண்டோ?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அது மனதில் இருந்ததால் மரியாதையாக அவர்கள் சொல்லையே போட்டேன். பணி. போனைப் பிடித்துத் தெளிவாகச் சொன்னேன். அது எழுதிக் காட்டியது:

“வணக்கம் சார். நாளைக்குப் பனி உண்டோ?”

எனக்கு ரெண்டு சுழியும் மூணு சுழியும் ஒன்றுதான். நன்றாக எழுதியிருக்கிறது என்று நினைத்து அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில்.

“வணக்கம். பனி நிறைய உண்டு. எத்தனை பேர்?”

“நான் ஒருத்தன்தான்.”

“தனியாகவா? நல்லது. தனியாக வருகிறவர்கள்தான் பனியை ரசிக்கிறார்கள்.”

சில முதலாளிகள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

“பனி கஷ்டமா இருக்குமா சார்?”

“முதல் நாள் கொஞ்சம் இருக்கும். கம்பளி தருகிறோம்.”

“எத்தனை மணிக்கு?”

“ஐந்தரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடிந்துவிடும். பிறகு வெயில்.”

“சாப்பாடு?”

“மூன்று நேரமும் உண்டு. மாலையில் பழம்பொரி. தொகையை நேரில் பேசிக்கொள்ளலாம். இன்றே வந்துவிடுங்கள்.”

தூணோரம் நின்றபடி இதை இரண்டு முறை கேட்டேன். ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை வேலை, மூன்று நேரம் சாப்பாடு, கம்பளி, பழம்பொரி. இடுக்கி முழுக்க இப்படியோர் இடம் இருந்ததை இத்தனை நாள் யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. ஜீப்காரருக்கு உடனே குரல் அனுப்பினேன்.

“அண்ணா, வெறகு டிப்போ வேண்டாமுங்க. கோட்டயத்துக்காரரு வரச் சொல்லிட்டாருங்க. மூணரை மணி நேரந்தானுங்க பணி.”

“மூணரை மணி நேரத்துக்கு மூணு நேரம் சோறா? அந்தாளுக்குக் கிறுக்குங்கறது நெசந்தான். சரி, போய்ச் சேரு. அவுங்கட்ட வேணாம்னு சொல்லிர்றேன்.”

குமுளிக்கு நாலு நிறுத்தம் முன்னால் இறங்கி, ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மைல் நடந்தேன். மாலை ஐந்தே முக்கால். செடிகளின் அடியில் காய்கள் மஞ்சளித்து வெடித்துக் கிடந்ததைப் போகிற போக்கில் பார்த்தேன். வாசலிலேயே அவர் நின்றிருந்தார். அரைக்கால் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு.

“வரூ, வரூ. பேக் தரூ.”

முதலாளி என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வேலைக்குப் போன இடத்தில் என் பையை இன்னொருவர் தூக்கியது அதுவே முதல் முறை. பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்துப் பால் இல்லாத கட்டன்சாயா கொடுத்தார். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வந்தது. சொன்ன சொல் தவறாத மனிதர். பிறகு ஓர் அறையைத் திறந்து காட்டினார். வெள்ளை விரிப்பு. அதன் மேல் துண்டை மடித்து அன்னப்பறவையாக உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பறவையைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அடுப்புக்கு விறகு போடுகிறவனுக்கு யாரும் அன்னம் செய்து வைப்பதில்லை.

“சாரே, பணி எவிடெயாணு?” என்று கேட்டேன். வேலை எங்கே என்றுதான் கேட்டேன். ஆனால் என் நாக்கும் ரெண்டு சுழி நாக்குதான்.

அவர் முகம் மாறியது. “பனியோ?” என்று சட்டென்று என் நெற்றியில் புறங்கையை வைத்தார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். அது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

“எத்ர தெவசமாயி?” எத்தனை நாளாக என்கிறார்.

“சின்ன வயசுலிருந்தேங்க சாரே. வருசம் பூராவும்.”

கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். “டாக்டரெ கண்டோ?”

“டாக்டரு எதுக்குங்க? பனி இல்லாட்டித்தான் எனக்கு உடம்புக்கு ஆகாது.”

அவர் பாக்கெட்டிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று முழுசாகக் கோணிக்கொண்டிருப்பது எனக்கு உறைத்தது. பேச்சை நிறுத்திவிட்டு நடித்துக் காட்டினேன். மண்வெட்டி பிடித்தேன், மூட்டை தூக்கினேன், அடுப்பில் விறகு தள்ளினேன். “ஜோலி, சாரே. ஜோலி.”

மாஸ்க்குக்குப் பின்னால் அவர் வாய் திறந்தது மட்டும் தெரிந்தது. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். போனை எடுத்து எங்கள் உரையாடலை முதலிலிருந்து படித்தார். என் ‘பணி’யைப் போன் பனியாக எழுதி, மூடுபனிக்கு அவர்கள் சொல்லும் மஞ்ஞு என்று மலையாளமாக்கி அவரிடம் கொடுத்திருக்கிறது. அவர் மஞ்ஞைப் பற்றி எழுதியதையெல்லாம் பனி என்று என்னிடம் கொடுத்திருக்கிறது. எந்த இடத்திலும் அது தடுமாறவே இல்லை. தோட்டத்தோடு சேர்த்து இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறார் அவர். மலையில் பனி இருக்குமா என்று தினமும் நாலு பேர் கேட்பார்களாம். நானும் அதில் ஒருவன் என்று நினைத்திருக்கிறார்.

“ஸ்டோரில் ஆளாயி. இன்னலெ வந்நு” என்றார், உண்மையிலேயே வருத்தப்பட்டு. ஸ்டோருக்கு நேற்றே ஆள் வந்துவிட்டது.

விறகு டிப்போவை நானே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பஸ்ஸுக்குக் கையில் ஒன்றுமில்லை. பேக் முடிய இன்னும் சில மணி நேரம். மிச்சப் பழம்பொரியைத் தின்றுவிட்டேன். எப்படியும் ஆறிக்கொண்டுதான் இருந்தது.

அவர்தான் பேச்சை எடுத்தார். தமிழ்நாட்டுச் சுற்றுலாக்காரர்கள் மோசம் என்றார். வருகிறோம் என்பார்கள், வர மாட்டார்கள். போன வாரம் பதினோரு பேர் என்று சொல்லி, அரிசி ஊறப்போட்டு, ஆளே இல்லை. எனக்கு ஜீப்காரர் சொன்ன கிறுக்குத்தனமான பதில் ஞாபகம் வந்தது. அந்தச் செய்தியைக் காட்டச் சொன்னேன். தமிழ் எழுத்தில் இருந்தது. அவருக்கு அது கோலம் மாதிரி; என்னைப் போலவே போனிடம் கொடுத்து மாற்றிக்கொண்டு, பதிலையும் தமிழாக்கி அனுப்பியிருக்கிறார். நான் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“சார், பனி இருந்தா சொல்லுங்க. பதினோரு பொம்பளையாளு வர்றோம். ஜீப்பு எங்க ஜீப்பு.”

“பனி நிறைய உண்டு. நிறையப் படம் எடுக்கலாம்.”

“படம் எதுக்கு சார்?”

“பனியில் எல்லோரும் எடுப்பார்கள். வெட்கப்பட வேண்டாம்.”

அதோடு அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. இன்னும் மேலே தள்ளினேன். ஏழு பேர், ஒன்பது பேர், மறுபடி ஏழு பேர். தோட்டத்துப் பேச்சு பழகிய கம்பத்துப் பெண்கள், மலையாளி முதலாளி என்று அவர்களும் மரியாதைக்குப் பணி என்றிருக்கிறார்கள்; அவர்கள் போனும் அதைப் பனி என்றே எழுதியிருக்கிறது. எல்லோரையும் இந்த மனிதர் பனியைக் காட்டியே விரட்டியிருக்கிறார்.

“சாரே, இவங்க டூரிஸ்ட் இல்லீங்க. காய் எடுக்க வர்ற ஆளுக.”

அவர் எழுந்து வாசல் வரை போய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெடித்த காய்க்கு விலை கிடையாது என்பது எனக்கே தெரியும். மூன்று வாரமாக ஆள் இல்லை ஆள் இல்லை என்று புலம்பியவர். திரும்பி வந்து, “விளிக்காமோ?” என்றார். கூப்பிட முடியுமா?

அவர் வீட்டு வைஃபையைச் சேர்த்துக்கொண்டு ஜீப்காரரை அழைத்தேன். இந்த முறை எழுத்து இல்லை, பணி இல்லை. வாயைத் திறந்து வேலை என்றே சொன்னேன். முழுக்கதையையும் கேட்டு அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பெண்களை அப்போதுதான் ஊரில் இறக்கிக்கொண்டிருந்தாராம். அவர்களுக்குத் தலைவி மாதிரியான ஓர் அக்காவிடம் போனைக் கொடுத்தார்.

“படம் எடுக்குறேன்னு சொன்னாரே, அந்தாளுதான?”

“அவருதானுங்கக்கா. அது போன் பண்ணுன தப்புங்க. நல்ல மனுசன்.”

“நீ யாரு?”

“நானும் வேலை கேட்டு வந்தவந்தானுங்க. பனி பார்க்க வந்ததா நெனச்சு எனக்கு ரூம்பு குடுத்துட்டாரு.”

அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் சிரிக்கும் சத்தம். “ரூம்பா? ஒனக்கா? கட்டிலு எப்பிடி?”

“துண்டுல பறவை செஞ்சு வச்சிருக்காங்கக்கா.”

“சரி, கூலி என்ன தர்றாராம்? எட்டு மணிக்கு முன்னாடி வரமுடியாது, சொல்லிரு. அப்புறம் கையில போன வச்சுக்கிட்டு எங்க முன்னாடி வந்து நின்னாருன்னா அன்னைக்கே எறங்கிருவோம்.”

நான் மொழிபெயர்த்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசி நிபந்தனைக்கு மட்டும் கொஞ்சம் சிவந்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று அக்கா வைத்துவிட்டார். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“அவர் வந்நால் நினக்கும் ஜோலி உண்டு” என்றார் முதலாளி. அவர்கள் வந்தால் எடுத்த காயைச் சுமக்க ஆள் வேண்டும். வராவிட்டால் சுமக்க எதுவும் இல்லை. நியாயம்தான். அன்றிரவு அந்த அறையிலேயே படுக்கச் சொன்னார். பறவையைக் கலைக்காமல் தூக்கி மேசையில் வைத்துவிட்டுத் தூங்கினேன்.

காலையில் பார்த்தபோது பேக் முடிந்திருந்தது. ஜீப்காரர் எங்கே இருக்கிறார் என்று கேட்க நினைத்து முதலாளியின் வைஃபையைத் தேடினால் கரண்டு இல்லை. வாசலில் போய் நின்றேன். அவர் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். எதிரே கையெட்டும் தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இதைப் பார்ப்பதற்குத்தான் ஆட்கள் காசு கொடுத்து வருகிறார்கள். நானும் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

எட்டு மணியானது. எட்டேகாலானது. அவர் மூன்று முறை இருமினார். எட்டரைக்குப் பக்கத்தில் மஞ்சள் வெளிச்சம் இரண்டு, வளைவில் திரும்பி மேலே வந்தது. பிறகுதான் ஜீப்பின் சத்தம் கேட்டது.

ஒன்பது பேர் இறங்கினார்கள். இரண்டு பேர் நம்பிக்கை இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம். முதலில் இறங்கிய அக்கா முதலாளியை மேலும் கீழும் பார்த்தார். அவர் இரண்டு கைகளையும் விரித்து வெறும் கை என்று காட்டினார். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடைகளை எடுத்துக்கொண்டு, ஒன்பது பேரும் சரிவில் இறங்கிச் செடிகளுக்குள் மறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து பேச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

தோட்டம் பள்ளத்தில், ஸ்டோர் மேட்டில். யார் யோசித்துக் கட்டினார்களோ. பத்தரைக்கு முதல் சாக்கு நிறைந்தது. ஈரக் காய்க்குக் கனம் அதிகம். அக்காவும் இன்னொருவரும் சேர்ந்து அதை என் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

“பாத்துப் போ. மூணாவது வரப்பு வழுக்குது” என்றார் அக்கா.

மூன்றாவது வரப்பு வழுக்கத்தான் செய்தது. காலை அகட்டி ஊன்றி மேலே ஏறினேன். ஸ்டோர் வாசலில் சாக்கைச் சரித்துவிட்டுக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் கீழேயிருந்து இரண்டாவது சாக்குக்குக் கூப்பிட்டார்கள்.